துட்டிக்குப் போகாத டாக்டர்

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பெயர் சங்கரலிங்கம். ராஜபாளையத்தில் பஞ்சு குடோனுக்குத் தீ இன்சூரன்ஸ், லாரிக்கு விபத்து இன்சூரன்ஸ் என்று பதினோரு வருடம் ஓட்டியவன். என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. தெரிந்ததைக் காட்டிலும் கூடுதலாகப் பேசுவேன். பேசினால்தானே பாலிசி விற்கும்? யாராவது குறுக்கே கேள்வி கேட்டுவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வேறு வந்துவிடும். நான் சொல்லப்போகிற தப்பு அந்தக் குணத்தில் முளைத்ததுதான். வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

1995-ஆம் வருடக் கடைசியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. காசு வாங்கி வைத்தியம் பார்க்கும் டாக்டர்மேல் நோயாளி நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடலாம் என்று. ஊரில் இருந்த டாக்டர்களெல்லாம் ஆடிப்போனார்கள். எனக்கு மட்டும் கொண்டாட்டம். மதுரையில் ஒரு ஓட்டல் மாடியில் ஏஜென்ட்டுகளை உட்காரவைத்து, டாக்டர்களுக்கான பாலிசியைப் பற்றி ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். கேஸ் வந்தால் வக்கீல் வைப்பதும் நஷ்டஈடு கொடுப்பதும் கம்பெனி பொறுப்பு. பதிலுக்கு டாக்டர், கம்பெனியைக் கேட்காமல் தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். வகுப்பெடுத்த அதிகாரி, எங்கேயோ ஒரு டாக்டர் செத்தவரின் பெண்டாட்டியிடம் ‘மன்னிச்சிருங்கம்மா’ என்று சொல்லப்போக, அதையே கோர்ட்டில் அவருக்கு எதிராகத் திருப்பினார்கள் என்று ஒரு கதையும் சொன்னார். அவர் சொன்னது கால் பங்கு. பஸ் ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் முக்கால் பங்கு நானே சேர்த்துவிட்டேன்.

என்னிடம் முதலில் கையெழுத்துப் போட்டவர் டாக்டர் ஞானதுரை. தென்காசி ரோட்டில் பன்னிரண்டு கட்டில் உள்ள ஆஸ்பத்திரி. அம்பத்தைந்து வயது இருக்கும். கைராசிக்காரர் என்று பெயர். அதைவிடப் பெரிய பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அவரிடம் வைத்தியம் பார்த்தவர் யார் இறந்தாலும், அது எந்த ஆஸ்பத்திரியில் நடந்திருந்தாலும், எந்தக் கிராமமாக இருந்தாலும் துட்டிக்குப் போய்விடுவார். துட்டி என்றால் எங்கள் பக்கம் இழவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பது. ஒரு மாலையோடு காரில் போவார், பத்து நிமிஷம் பெஞ்சில் உட்காருவார், இன்ன நோவு, இப்படி ஆகிவிட்டது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்வார், வருவார். ‘டாக்டர் வராம ஆரையும் எடுக்கக் கூடாதுடே’ என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். கேலி பேசுகிறவர்களும் உடம்புக்கு ஒன்று என்றால் அவரிடம்தான் போவார்கள்.

“இந்தப் பாலிசியெல்லாம் எனக்கு எதுக்கு சங்கரலிங்கம்? என்மேல யாரு கேஸ் போடப் போறா?” என்று கேட்டார்.

“காலம் மாறிப்போச்சு சார்” என்றேன். எனக்கு அந்த ஒரு வாக்கியம் எப்போதும் கைகொடுக்கும்.

அடுத்த ஆவணியில் அது நடந்தது. சுந்தரபாண்டியத்திலிருந்து ஆவுடையப்பன் என்ற விவசாயி தன் மனைவி குருவம்மாளைக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். நாற்பது வயசுக்காரி. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. தையலும் பிரித்தாயிற்று. எட்டாம் நாள் காலையில் ஊருக்குப் போக வேண்டும். வாடகைக் கார் பேசிக்கொண்டு வருகிறேன் என்று ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருக்கிறார். அந்தம்மா கட்டிலில் உட்கார்ந்து தலையை வாரிக்கொண்டிருந்தவர், மூச்சு முட்டுகிறது என்று நர்ஸ் பரிபூரணத்தைக் கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் ஓடிவந்து ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, என்னென்னவோ செய்து பார்த்தார். இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காலில் ரத்தம் கட்டி, அது நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி வரும், யார் தப்பும் இல்லை என்று டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார்.

விஷயத்தை உடனே கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நான் சொல்லிவைத்திருந்ததால் எனக்கு போன் வந்தது. நான் ஸ்கூட்டரில் பறந்தேன். போய்ச் சேர்ந்தபோது ஆவுடையப்பன் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசிவைத்த கார் வாசலில் நின்றது. டாக்டர் அவர் பக்கத்தில் போகப் போனார். நான் அவர் முழங்கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

“சார், இனி நீங்க வாயத் திறக்கப்படாது. எதுவானாலும் நர்ஸை விட்டுச் சொல்லுங்க.”

“அவருக்கு ஒண்ணுமே விளங்கலப்பா. நான் சொல்லாம யாரு சொல்லுவா?”

“சொன்னா மாட்டிக்கிடுவீங்க.”

மறுநாள் காலையில் சுந்தரபாண்டியத்தில் எடுக்கிறார்கள் என்று தகவல். மனசு கேட்காமல் விடிந்ததும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். நினைத்தது சரியாக இருந்தது. டாக்டர் வெள்ளைச் சட்டையில் கார் பக்கத்தில் நின்றார், பின் சீட்டில் மாலை. நான் கார் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

“சார், நீங்க மாலையோட அங்க போய் நின்னா, தப்பு உங்க மேலன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு கேஸ் வந்தா கம்பெனி கையை விரிச்சிரும். பாலிசியில கண்டிஷனே இருக்கு.”

“துட்டிக்குப் போகக் கூடாதுன்னா கண்டிஷன்?”

“ஆமா சார்.” யோசிக்காமல் சொன்னேன். “பாலிசி செல்லாமப் போயிரும். உங்க ஆஸ்பத்திரி, வீடு எல்லாத்தையும் நெனச்சுப் பாருங்க.”

அவர் ஆஸ்பத்திரிப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மூத்த மகள் அப்போது திருநெல்வேலியில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தாரோ என்னவோ. மாலையை எடுத்துப் பரிபூரணத்திடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பதினாறாம் நாள் விசேஷத்துக்காவது போகட்டுமா என்று இன்னொரு தடவை கேட்டார். அதற்கும் நான் கூடாது என்றேன். ஒரு ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற மிதப்பில் அன்றைக்கு வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

மூன்று மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஆவுடையப்பன் கேஸ் போட்டுவிட்டார். ‘பாத்தீங்களா சார், நான் அப்பவே சொன்னேன்ல’ என்று டாக்டரிடம் போய் நின்றேன். அவர் நோட்டீஸைப் படித்துவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். ‘எதிர்மனுதாரர் தன்மீது குற்றம் இல்லாதிருந்தால் வழக்கம்போல் துக்கத்துக்கு வந்திருப்பார். வராததிலிருந்தே தவறு அவருடையது என்பது விளங்கும்’ என்று எழுதியிருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன்.

சுந்தரபாண்டியத்தில் எனக்கு ஒரு தென்னந்தோப்புக்காரர் பழக்கம். அவரிடம் விசாரித்தேன். அன்றைக்கு நடந்ததை அவர் சொன்னார். குருவம்மாள் பிறந்த ஊர் தளவாய்புரம். அண்ணன் முத்துவீரன் அங்கே தையல் கம்பெனி வைத்திருப்பவர். மதுரைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று அவர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். ஆவுடையப்பன்தான், தன் அப்பா இறந்தபோது சுந்தரபாண்டியம்வரை வந்து உட்கார்ந்த டாக்டர், அவரிடமே பார்க்கலாம் என்று பிடிவாதமாக ராஜபாளையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவருவார்கள். அதைப் போடுவதற்கு முன்னால், எங்கள் பிள்ளை எப்படிச் செத்தாள் என்று கேட்பார்கள். புருஷன் பதில் சொல்லியாக வேண்டும். சபையில் முத்துவீரன் கேட்டபோது ஆவுடையப்பனுக்குப் பதில் தெரியவில்லை. ‘டாக்டரய்யா இப்ப வந்துருவாக, அவியளே சொல்லுவாக’ என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பாலிசியை எடுத்து வரி வரியாகப் படித்தேன். விற்ற பாலிசியை நான் முழுசாகப் படித்தது அதுதான் முதல் தடவை. பொறுப்பை ஒத்துக்கொள்ளாதே, பணம் தருவதாக வாக்குக் கொடுக்காதே என்று இருந்தது. இழவு வீட்டுக்குப் போகாதே என்று எங்குமே இல்லை. என்ன நோவு என்று சொல்லாதே என்றும் இல்லை. நான் பாலிசியை மடித்து பீரோவில் வைத்தேன். டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது வெறும் பயம்தான். ஒரு டாக்டரிடம் இப்படி உளறினான் என்று தெரிந்தால் ஊரில் ஒருவரும் என்னிடம் பாலிசி எடுக்க மாட்டார்கள், அந்தப் பயம்.

கம்பெனி வக்கீல் பதில் மனு தயாரித்து அனுப்பினார். இங்கிலீஷில் பதினோரு பக்கம். டாக்டர் அன்றைக்கு ஒரு பிரசவத்துக்காக ஓடிக்கொண்டிருந்தார். “வழக்கமா எழுதறதுதான் சார், போடுங்க” என்று பேனாவைத் திறந்து நீட்டினேன். நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

விசாரணை மறு வருஷம் ஐப்பசியில் வந்தது. கோர்ட் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று பேர் உட்காரும் மேசை, நாலு பெஞ்சு, ஒரு மின்விசிறி. ஆவுடையப்பன் மேசைக்கு முன்னால் நின்றார். வராந்தாவில் பார்த்த ஆள் இல்லை, பாதியாக இருந்தார். முத்துவீரன் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானும் டாக்டரும் பின்னால்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். “உமது மனைவியைத் தினமும் எழுந்து நடக்கச் சொன்னார்கள். நீர் நடக்கவிடாமல் படுக்கையிலேயே போட்டு வைத்திருந்தீர். அதனால்தான் காலில் ரத்தம் கட்டியது என்கிறேன்.”

ஆவுடையப்பன் திருதிருவென்று விழித்தார். “நடந்தாளே... தெனமும் வராந்தாவுல நடந்தாளே...”

முத்துவீரன் பெஞ்சிலிருந்தே பேசிவிட்டார். “இதத்தான் மாப்ள நானும் கேக்கேன். கோர்ட்டுக் கடுதாசியிலயே எழுதியிருக்குன்னு நம்ம வக்கீல் படிச்சுக் காட்டுனாரு. எந் தங்கச்சிய நடக்க விடாமப் போட்டு வச்சிருந்தியளா இல்லையா?”

அமைதியாக இருக்கச் சொல்லி, நடுவில் உட்கார்ந்திருந்த கோர்ட் தலைவர் மேசையைத் தட்டினார். பக்கத்தில் டாக்டர் என் பக்கம் திரும்பினார். “இது என் மனுவிலயா இருக்கு?” என்றார், மெதுவாக. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வக்கீல்கள் இப்படித்தான் எழுதுவார்கள், எதிராளிமேல் ஒரு பழியைப் போட்டுவைப்பது வழக்கம். அந்த வழக்கத்தில்தான் டாக்டரின் கையெழுத்து இருந்தது.

டாக்டர் எழுந்து நின்றார். நான் சட்டையைப் பிடித்து இழுத்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

“ஐயா, நான் கையெழுத்துப் போட்டதில் அது தப்பு. படிக்காமப் போட்டுட்டேன். அந்தம்மா மூணாம் நாள்லேருந்து நடந்தாங்க. இவர்தான் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவார். நான் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் பார்த்திருக்கேன். இவர்மேல ஒரு குத்தமும் கிடையாது.”

கம்பெனி வக்கீல் ஃபைலை மேசையில் பொத்தென்று போட்டார். தலைவர் டாக்டரைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குமேல் தொடரலாம் என்று எழுந்துவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் டாக்டர் நின்றார். கொஞ்சம் தள்ளி வக்கீல் என்னைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார். கேஸ் போச்சு, கம்பெனிக்கு எழுதப்போகிறேன், உன் டாக்டர் இனி தனியாகத்தான் நிற்க வேண்டும் என்றார். வேறு நாளாக இருந்தால் நானும் எகிறியிருப்பேன். அன்றைக்குத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அவர் போன பிறகு ஆவுடையப்பன் மரத்தடிக்கு வந்தார். பின்னால் முத்துவீரன்.

டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டினார். எங்கள் பக்கம் துக்கம் கேட்கிற முறை அது. வந்தவர் பேச மாட்டார், கையை நீட்டுவார். துக்கக்காரர் அந்தக் கையைத் தொடுவார். பதினாலு மாசம் கழித்து, கோர்ட் வளாகத்தில், டைப் அடிக்கிறவர்களும் சர்பத் குடிக்கிறவர்களும் பார்த்துக்கொண்டிருக்க நீட்டினார். ஆவுடையப்பன் தொடவில்லை.

“அன்னைக்கு மத்தியானம் மூணு மணி வரைக்கும் போட்டு வச்சிருந்தோம் டாக்டரய்யா” என்றார். “காலம்பற எடுக்கதா இருந்துச்சு. நாந்தான் பொறுங்க பொறுங்கன்னேன். ரோட்டுல கார் சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் பாத்தேன். எங்கப்பாவுக்கு வந்தியள்லா. அவளுக்கு ஏன் வரல?”

“வந்திருக்கணும். வராதது என் தப்பு.”

கை நீட்டியபடியே இருந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘இவன்தான் போகாதே என்றான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பாரம் இறங்கியிருக்கும். சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆவுடையப்பன் கேட்டார்: “ரொம்ப நோவு பட்டாளாய்யா?”

“கொஞ்ச நேரம்தான். மூச்சுக்குத்தான் கஷ்டப்பட்டாங்க.”

“என்னயத் தேடுனாளா?”

டாக்டருடைய குரல் மாறியது. “உங்களைக் கூட்டிட்டு வர நர்ஸை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பப் பார்த்தேன். அவங்கதான் வேண்டாம்னாங்க. ‘அவுக விடியக்காலம் எந்திரிச்சதுலருந்து ஒண்ணும் சாப்பிடல. இன்னா வந்துருவாக. வந்ததும் ரெண்டு இட்லி வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க’ன்னாங்க. அதுதான் கடைசியாப் பேசினது.”

முத்துவீரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஆவுடையப்பனின் தோளில் கையை வைத்தார். “மாப்ள” என்றார். அந்தக் கை பதினாலு மாசமாக அங்கே வரவில்லை என்பது, ஆவுடையப்பன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஒரு மனுஷிக்கு அவள் புருஷன்மேல் இருந்த கடைசி அக்கறையை நான் ஒரு கதவைச் சாத்தி உள்ளே பூட்டியிருக்கிறேன்.

“இம்புட்டையும் மனசுக்குள்ள வச்சுக்கிட்டா இருந்திய?” என்று ஆவுடையப்பன் டாக்டரிடம் கேட்டார். கோபம் இல்லை. ஒரு ஆச்சரியம்தான் இருந்தது. “இத வந்து சொல்லுததுக்கு என்னய்யா தடை?”

டாக்டர் அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வக்கீல் போன திசையைப் பார்த்தேன். திரும்பி வருகிற மாதிரித் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் கம்பெனி தலையில் போய்விடும்.

“நாந்தான் அண்ணாச்சி” என்றேன். “டாக்டர் அன்னைக்கு மாலையோட பொறப்பட்டு நின்னாரு. நாந்தான் காரை மறிச்சுப் போக விடாம ஆக்கினேன். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.”

ஆவுடையப்பன் என்னை முதல் தடவையாகப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார்.

“போவக் கூடாதுன்னு அப்படி ஒரு சட்டமா தம்பி?”

“இல்ல அண்ணாச்சி. சட்டத்துலயும் இல்ல, பாலிசியிலயும் இல்ல. நானாச் சொன்னது. அப்படி இல்லைன்னு பொறவு தெரிஞ்சும் இவர்கிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். ஆவுடையப்பன் டாக்டரின் நீட்டிய கைகளை இரண்டு கைகளாலும் தொட்டார். “கேஸ முடிச்சுக்கிடுதேன்யா” என்றார். முத்துவீரனும் வந்து டாக்டர் கையைத் தொட்டார்.

நானும் கையை நீட்டினேன். அவர்கள் இருவரும் என்னைக் கடந்து கோர்ட்டுக்குள் போனார்கள்.